ட்ரைபாட் வாங்கினால் தூரம் கூடிவிடாது

இரவு ஒன்பதே முக்கால். சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது.

"அண்ணா, மான் ஒண்ணு சுட்டேன். குண்டு பட்ட சத்தம்கூடக் கேட்டுச்சு. எங்க தேடியும் காணோம், ரத்தமும் இல்ல. செவலையைக் கூட்டிட்டு வர முடியுமா?"

எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வியை அவனிடமும் கேட்டேன். எத்தனை கஜம்?

"முந்நூத்தி நாப்பது அண்ணா. ஆனா ட்ரைபாட்ல வெச்சுத்தான் சுட்டேன்."

இந்த சீசனில் எனக்கு இதே பதிலைச் சொன்ன நான்காவது ஆள் அந்தத் தம்பி. நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் திறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "ட்ரைபாட்ல வெச்சுத்தான்" என்று நால்வரும் ஒரே மாதிரி அழுத்திச் சொன்னார்கள். ரைஃபிளைத் தாங்கும் அந்த மூன்று கால் ட்ரைபாட்டில் வைத்துவிட்டால் தப்பு நடந்திருக்க வழியில்லை என்று நால்வருமே உண்மையாக நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. டெக்சாஸின் ஹில் கன்ட்ரியில், லானோ, மேசன் பக்கத்துப் பண்ணைகளில், அடிபட்டுப் போன மான்களை நாயை வைத்துத் தேடித் தருகிறேன். செவலை என் நாய். ப்ளூ லேசி இனம். 2005-இல் இந்த மாநிலம் தன் மாநில நாயாக அறிவித்த இனம் அது. பெயரில்தான் ப்ளூ; செந்நிறக் குட்டிகளும் பிறக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தது செந்நிறம், அதனால் செவலை. வார இறுதிகளில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கிறேன். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே வேட்டையாட அந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆஸ்டினிலிருந்தும் டாலஸிலிருந்தும் நம் பிள்ளைகள் இப்போது அந்த வகுப்புக்கு நிறைய வருகிறார்கள். அவர்களுக்காகவே தமிழில் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. அங்கே இதில் பேச ஒன்றுமில்லை. இங்கே உரிமம் வாங்கி, சீசனுக்குள், எண்ணிக்கைக்குள் மானைச் சுட்டு இறைச்சியை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். அந்தச் சூழலுக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

சரி, அந்த இரவுக்கு வருவோம். சுட்டது மாலை ஐந்தரைக்கு. எனக்குப் போன் வந்தது ஒன்பதே முக்காலுக்கு. நடுவில் நான்கு மணி நேரமாக அவனும் இரண்டு நண்பர்களும் டார்ச் அடித்துக்கொண்டு புதருக்குள் நடந்திருக்கிறார்கள். குண்டு பட்டதும் மான் என்ன செய்தது என்று கேட்டேன். துள்ளவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போனது என்றான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் முடி ஏதாவது கிடக்கிறதா பார்க்கச் சொன்னேன். படம் அனுப்பினான். வெள்ளை முடி, பக்கத்தில் புல்லில் பச்சையாக ஈரம். வயிற்றில் பட்டிருக்கிறது. இன்று இரவு இனி ஒரு அடிகூட உள்ளே வைக்காதே, விடியட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் செவலை தடத்தை எடுத்தாள். முதல் இருநூறு கஜத்திலேயே மான் படுத்திருந்த இடம் கிடைத்தது. புல் அமுங்கி, ரத்தம் திட்டாக உறைந்திருந்தது. யாரும் உள்ளே போகாமல் இருந்திருந்தால் அது அங்கேயே கிடந்து செத்திருக்கும். டார்ச் வெளிச்சத்தையும் ஆள் அரவத்தையும் கண்டு எழுந்து போயிருக்கிறது. பிறகு மெஸ்கீட் முள்ளுக்குள்ளும் சப்பாத்திக்கள்ளிக்குள்ளும் வளைந்து வளைந்து போன தடம். மெஸ்கீட் வேறெதுவும் இல்லை, நம் சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரன்தான். அதன் முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதினோரு மணிக்கு, சுட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய அரை மைலில், ஓடைப் பள்ளத்தில் கிடைத்தது. கயோட்டிகள், நம் ஊர்க் குள்ளநரி மாதிரியான விலங்குகள், எங்களை முந்திவிட்டன. பின்தொடை இரண்டும் இல்லை. அந்தத் தம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. அவன் நல்ல பையன். மனசு இருக்கிறவன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் பிழை.

அவன் போட்ட கணக்கு இது. பண்ணைக்கு வருவதற்கு முந்தைய வாரம் சுடுதளத்தில் மேசை மேல் மணல் பைகள் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, 100 கஜத்தில் சுட்டிருக்கிறான். மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தன. 100-க்கு ஓர் அங்குலம் என்றால் 340-க்கு மூன்றரை அங்குலம். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு அங்குலம் அகலம். எட்டுக்குள் மூன்றரை தாராளமாக அடங்கும். கையில் வைத்துச் சுட்டால்தானே ஆடும், ட்ரைபாட் இருக்கிறதே. ஆகவே சுடலாம்.

இந்தக் கணக்கில் எண்கள் சரி. ஆனால் அந்த ஓர் அங்குலம் மேசையுடையது. மேசை, நாற்காலி, முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, நிதானமான மூச்சு, அவசரமே இல்லாத மதியம் எல்லாம் சேர்ந்து கொடுத்த அங்குலம். காட்டில் மேசை வராது.

அடுத்த வாரம் அவனைச் சுடுதளத்துக்கு வரச் சொன்னேன். மேசையை விட்டுத் தள்ளி, அதே ட்ரைபாட்டை நின்ற உயரத்துக்கு விரிக்கச் சொன்னேன். அதற்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடம்வரை வெறுங்கையோடு இரண்டு முறை வேக நடை போகச் சொன்னேன், மூச்சு வாங்கட்டும் என்று. 100 கஜத்தில் ஐந்து குண்டு. ஐந்தும் ஐந்து அங்குலத்துக்குப் பரவியிருந்தன. அதை 340-க்குப் பெருக்கிப் பார் என்றேன். பதினேழு அங்குலம். எட்டு அங்குல நெஞ்சுக்குப் பதினேழு அங்குலப் பரவல். அந்த மாலையில் அவன் குண்டு நெஞ்சில் பட்டிருந்தால் அதுதான் அதிசயம்.

இது கை நடுக்கத்தின் கணக்கு மட்டும். ட்ரைபாட் கை கொடுப்பதும் இந்த ஒன்றுக்குத்தான். இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன, அவற்றில் ட்ரைபாட்டால் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது.

ஒன்று, குண்டு கீழே விழுவது. அவனுடையது சாதாரண .308 ரக ரைஃபிள், குண்டின் எடை 150 கிரெயின். 100 கஜத்தில் சரியாக விழும்படி ஸ்கோப்பை, அதாவது ரைஃபிள் மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருத்தியிருந்தால், 200-இல் ஏறக்குறைய 4 அங்குலம் தாழும். 300-இல் 13, 14 அங்குலம். 340-இல் ஒன்றரை அடிக்கும் மேல். 400-இல் இரண்டரை அடி. ஒவ்வொரு நூறு கஜத்துக்கும் ஒரே அளவாகத் தாழாது, போகப் போகச் சரிவு கூடிக்கொண்டே போகும். அதனால் தூரத்தை முப்பது கஜம் தப்பாக நினைத்தால் 150-இல் பெரிதாக ஒன்றும் ஆகாது, 340-இல் மான் காயத்தோடு போய்விடும். அவனிடம் தூரம் அளக்கும் கருவி இருந்தது. எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்று போனில் ஒரு ஆப் சொன்னது. அந்தத் தூரத்தில் அந்த ரைஃபிளால் அதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆப் சொன்னதை ஒரு முறையாவது காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் உயிர் மேல் முதலில் சுட்டுப் பார்த்திருக்கிறான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இரண்டு, காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று இங்கே சாதாரணம். 300 கஜத்தில் அது இந்தக் குண்டை ஆறேழு அங்குலம் தள்ளிவிடும். மானின் தோளுக்குப் பின்னால் பிடித்த குறி ஆறேழு அங்குலம் பின்னால் போனால் எங்கே படும்? அந்தப் பச்சை ஈரம் அங்கிருந்துதான் வந்தது.

மூன்று, மான். 340 கஜம் போக இந்தக் குண்டுக்கு ஏறக்குறைய 0.4 நொடி ஆகும். நீங்கள் ட்ரிகரை அழுத்திய பிறகு மான் ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும். மேய்கிற மான் எந்த நொடியில் கால் எடுத்து வைக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ட்ரைபாட், இரண்டு கால் பைபாட், கவட்டை முனையுள்ள கவைக்கோல், எதுவாக இருந்தாலும் அது தூரத்தைக் கூட்டும் கருவி இல்லை. ஏற்கெனவே உங்களால் முடிகிற தூரத்தில், முடியும் என்பதை உறுதியாக்கும் கருவி. 120 கஜத்தில் மூச்சிரைக்க நிற்கும்போது, கை நடுங்கும்போது, பக் ஃபீவர் என்று இங்கே சொல்வார்களே அந்தப் படபடப்பு வரும்போது, அப்போதுதான் அது உங்களையும் மானையும் காப்பாற்றும். நான் முட்டுக் கொடுப்பதற்கு எதிரி இல்லை. என் வகுப்பில் முட்டு இல்லாமல் நின்றபடி மானைச் சுடவே கூடாது என்று சொல்கிறவன் நான். நூறு கஜத்துக்குள் இருந்தாலும் ஏதாவது ஒன்றில் சாய்த்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்படிச் சாய்ப்பது புது நாகரிகமும் இல்லை. 1870-களில் அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமைகளைச் சுட்டவர்கள் கனமான ஷார்ப்ஸ் ரைஃபிள்களை இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டிய கவட்டில் வைத்துத்தான் சுட்டார்கள். அதற்கும் வெகு முன்னால் ஐரோப்பாவில் பழைய மஸ்கட் துப்பாக்கிக்காரர்கள் கவைக்கோலோடு நடந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் வேட்டை வழிகாட்டிகள் மூன்று நீளக் குச்சிகளை மேல்முனையில் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். இன்று கார்பன் ஃபைபரில் நானூறு, ஐந்நூறு டாலருக்கு விற்பது அதே குச்சிதான். விலை ஏறியதால் வித்தை ஏறாது.

அடுத்த தவறு, முன்பக்கத்தை மட்டும் தாங்கிவிட்டுப் பின்பக்கத்தை அந்தரத்தில் விடுவது. ரைஃபிளின் முன்கட்டை கவட்டில் உட்கார்ந்திருக்கிறது, பின்கட்டை தோளில். தோள் மூச்சோடு ஏறி இறங்குகிறது. அப்போது ரைஃபிள் ஒரு சீசா பலகை. பின்னால் தோள் ஒரு நூல் இறங்கினால் முன்னால் குழல் ஒரு நூல் ஏறும். ட்ரைபாட்டில் வைத்தும் குறுக்குக் கம்பி மேலும் கீழுமாக நீந்துகிறதே அண்ணா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். பின்பக்கத்துக்கும் ஏதாவது ஒன்று கொடுங்கள். உட்கார்ந்து, வலது முழங்கையை முழங்கால் மேல் ஊன்றலாம். முதுகுப்பையைத் தொடைமேல் வைத்து அக்குளுக்குக் கீழே அணைக்கலாம். படுத்திருந்தால் இடது கை முஷ்டியைப் பின்கட்டையின் அடியில் வைத்து, முஷ்டியை இறுக்கினால் உயரும், தளர்த்தினால் தாழும். ஒரு காலுறையில் அரிசி நிரப்பிக் கட்டினாலும் போதும். நான் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

உட்கார முடிந்தால் நிற்காதீர்கள். படுக்க முடிந்தால் உட்காராதீர்கள். ஆனால் ஹில் கன்ட்ரியில் நவம்பரில் புல் இடுப்புக்கு நிற்கும், படுத்தால் புல் மட்டும்தான் தெரியும். அதனால்தான் ஆறு அங்குலம், ஒன்பது அங்குலம் உயரும் குட்டை பைபாட் இங்கே பாதி நேரம் உதவாமல் வெறும் பாரமாகத் தொங்குகிறது. உட்கார்ந்த உயரத்துக்கு வரும் கவைக்கோல் ஒன்று, முதுகுப்பை ஒன்று. என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்கு அதுவே போதும்.

குழலைத் தாங்கியில் வைக்காதீர்கள். முன்கட்டையை வையுங்கள். குழல் எதையும் தொடக்கூடாது, குறிப்பாகக் கெட்டியான எதையும். பரணில் உட்கார்ந்து சுடுகிறவர்கள் ஜன்னல் இரும்புச் சட்டத்தில் குழலைச் சாய்த்துவிட்டு, "ரைஃபிள் கெட்டுப்போச்சு, மேல அடிக்குது" என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். ரைஃபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பின் மேல் கிடந்த குழல் சுடும்போது அதிலிருந்து துள்ளி விலகுகிறது, குண்டும் விலகிப் போகிறது. முன்கட்டையை வைத்தாலும் நேரடியாக இரும்பிலோ பாறையிலோ வைக்காமல் தொப்பியையோ சட்டையையோ மடித்து இடையில் போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் உங்கள் இடது கையையே வையுங்கள்.

இன்னொன்று, கேட்டால் இப்படியும் நடக்குமா என்பீர்கள். நடக்கிறது, வருடா வருடம் நடக்கிறது. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை, இரண்டு அங்குல உயரத்தில் இருக்கிறது. உங்கள் கண் ஸ்கோப் வழியாகப் பார்க்கிறது, குண்டு குழல் வழியாகப் போகிறது. பாறையின் மேலோ வண்டியின் பானெட் மேலோ பையை வைத்து ரைஃபிளைச் சாய்க்கும்போது ஸ்கோப்பில் மான் தெளிவாகத் தெரியும். குழல் முனைக்கு முன்னால் பாறையின் விளிம்பு நிற்பது தெரியாது. ஒரு பண்ணைக்காரர், நாற்பது வருட அனுபவம் உள்ளவர், தன் சொந்தப் பிக்கப்பின் பானெட்டைக் கிழித்துக்கொண்டார். தகரத்தோடு போனது அவர் அதிர்ஷ்டம். பாறையாக இருந்தால் சில்லுகள் முகத்துக்கு வரும், குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறி பிடித்த பிறகு தலையை ஒரு முறை தூக்கிக் குழல் முனையைக் கண்ணால் பாருங்கள். அதற்கு ஒரு நொடி போதும். பரணில் இருந்தால் குழல் முனை ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும். காதுக்கு அடைப்பு போடுங்கள், மரப்பெட்டிக்குள் ஒரு ரைஃபிள் வெடித்தால் அந்த இரைச்சல் சில பேருக்கு ஆயுள் முழுக்க நிற்கிறது.

இனி நான் கொஞ்சம் திட்டப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரும் ட்ரைபாட்களின் தலையில் ரைஃபிளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி இருக்கிறது. கையை எடுத்தாலும் ரைஃபிள் அப்படியே நிற்கும். இது நல்ல வசதிதான். ஆனால் அப்படியே நிற்கிறதே என்று சுடத் தயாராக உள்ளே தோட்டாவோடு விட்டுவிட்டு பைனாகுலரை எடுக்க, தண்ணீர் குடிக்க, சிறுநீர் கழிக்கப் போகிறார்கள். மேடு பள்ளமான சுண்ணாம்புக்கல் தரை. மூன்று காலில் ஒன்று சரிந்தால் மேலே நான்கு கிலோ எடையோடு மொத்தமும் கவிழும். என் கண் முன்னால் ஒன்று கவிழ்ந்திருக்கிறது. உள்ளே தோட்டா இல்லாததால் இன்று அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கை எடுக்கிறீர்களா, போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுக் கையை எடுங்கள். சேஃப்டி போட்டிருக்கிறேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். சேஃப்டி ஓர் இயந்திரம், அதுவும் பழுதாகும்.

இதைவிட மோசம், ரைஃபிளை ட்ரைபாட்டிலிருந்து கழற்றாமலேயே கால்களை மடக்கி மொத்தத்தையும் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது. ஏர் தூக்கிப் போவது போல. உங்கள் குழல் பின்னால் வருகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறது. பின்னால் வருகிறவர் பெரும்பாலும் உங்கள் நண்பர், அல்லது உங்கள் பிள்ளை. வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் சொல்கிற விஷயம் இது, குழல் எந்தப் பக்கம் என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது. வகுப்பில் தலையாட்டியவர்களே காட்டில் இப்படி நடக்கிறார்கள். கழற்றுங்கள். ரைஃபிள் தனியாக, தோட்டா இல்லாமல், குழல் ஆள் இல்லாத பக்கம். ட்ரைபாட் தனியாக. மறுபடி மாட்ட இருபது நொடி ஆகும், அந்த இருபது நொடியில் போகிற மான் போகட்டும்.

முட்டுக் கொடுத்துக் கண்ணை ஸ்கோப்பில் ஒட்டியவுடன் இன்னொரு ஆபத்து வருகிறது. படம் அசையாமல் அழகாக நிற்பதால் ஆட்கள் அந்த வட்டத்துக்குள்ளேயே மூழ்கிவிடுகிறார்கள். வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது, மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. குண்டு மானைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். பின்னால் மண்மேடு இல்லாமல் வெறும் வானம் இருந்தால் சுடாதீர்கள்.

இங்கே புள்ளிமான் வேட்டைக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆமாம், நம் கிண்டியில் நிற்கிற அதே புள்ளிமான்தான். 1930-களில் இந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள், ஹில் கன்ட்ரி முழுக்கப் பெருகிவிட்டது. வெளிமானும் இருக்கிறது. இங்கே ஆக்ஸிஸ், பிளாக்பக் என்பார்கள். வெள்ளைவால் மான் போல் சீசன் கட்டுப்பாடு இவற்றுக்கு இல்லை. புள்ளிமான் கூட்டமாக நிற்கும். முன்னால் நிற்கும் ஆண் மானைக் குறிபிடித்துச் சுடுவீர்கள், பின்னால் மறைந்து நிற்கும் பெட்டைக்கும் குட்டிக்கும் சேர்த்துப் படும். அப்படி ஒரே குண்டில் அடிபட்ட இரண்டு தடங்களை ஒரே காலையில் நான் தேடியிருக்கிறேன். கூட்டம் பிரியும்வரை காத்திருங்கள். காத்திருப்பதற்குத்தானே முட்டு இருக்கிறது, கை வலிக்காது.

தெற்கே கடற்கரைப் பக்கம் நீலகாய் வேட்டைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதுவும் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து வந்ததுதான். தோல் தடிமன், அடிபட்டாலும் ரத்தம் வெளியே அதிகம் சிந்தாது. மானை நினைத்துக்கொண்டு தோளுக்குப் பின்னால் பிடித்தால் போதாது, அதன் நுரையீரல் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக இருக்கிறது. அங்கே நிலம் தட்டை, சாய மரமும் குறைவு, நின்ற உயரத்துக்கு வரும் கவைக்கோல் அங்கேதான் உண்மையில் அவசியம். அதை வைத்துக்கொண்டும் 200-க்கு மேல் சுடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, உங்கள் தூரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்குங்கள். காட்டில் எந்த நிலையில், எந்தத் தாங்கியில் சுடுவீர்களோ அதே நிலை, அதே தாங்கி. கொஞ்சம் வேகமாக நடந்து மூச்சு வாங்கிய பிறகு ட்ரைபாட்டை விரிப்பதிலிருந்து தொடங்குங்கள், விரித்து வைத்ததில் போய் நிற்காதீர்கள். 50 கஜத்தில் ஐந்து குண்டு. ஐந்தும் தட்டில் விழுந்தால் 75. பிறகு 100. ஐந்தில் ஒன்று வெளியே போகும் இடத்தில் நில்லுங்கள், அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் தூரம். நான்கு விழுந்ததே என்று சொல்லாதீர்கள், வெளியே போன அந்த ஐந்தாவது குண்டின் பின்னால்தான் நானும் செவலையும் முள்ளுக்குள் நடக்கிறோம். பலருக்கு முதல் வருடம் 100 கஜம்கூட வராது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பரணைத் தீனி போடும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றுங்கள், காற்று மான் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி உட்காருங்கள், மான் தானே நெருங்கி வரும்.

காட்டுக்குள் ட்ரைபாட்டை மான் வந்த பிறகு விரிக்காதீர்கள். உட்கார்ந்தவுடனே விரித்து, உயரம் வைத்து, எந்தெந்தப் பக்கம் திரும்ப முடிகிறது என்று தோட்டா இல்லாமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கால் கல்லில் தட்டும் சத்தம் மானுக்கு நன்றாகக் கேட்கும், கால்களில் துணி டேப் சுற்றிவிடுங்கள். சரிவில் நின்றால் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள் தப்பாகப் படலாம். எனக்கும் பட்டிருக்கிறது. அப்போது மானுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, உடனே பின்னால் ஓடாமல் இருப்பது. நெஞ்சில் பட்டது, நுரை நுரையாக இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் அரை மணி நேரம் இருங்கள். ரத்தம் கறுத்த சிவப்பாக இருந்தால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம். பச்சையோ பழுப்போ நாற்றமோ இருந்தால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறைந்து உள்ளே போகாதீர்கள். இறைச்சி கெட்டுவிடுமே என்று பதறுவீர்கள், புரிகிறது, இங்கே நவம்பரிலும் வெயில் அடிக்கும். எழுப்பி ஓடவிட்டால் இறைச்சியும் இல்லை, மானும் இல்லை.

இன்னொரு சின்ன வேண்டுகோள். சுட்டவுடன் ரைஃபிளைக் காலி செய்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ட்ரைபாட்டை மடக்காதீர்கள். நீங்கள் சுட்ட இடத்தில், சுட்ட உயரத்தில், சுட்ட திசையைப் பார்த்து அப்படியே நிற்கட்டும். மான் நின்ற இடத்துக்குப் பின்னால் தெரிந்த மரத்தையோ பாறையையோ அங்கிருந்தே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இருட்டில் வரும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். ட்ரைபாட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் மான் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும், செவலையை அங்கே கொண்டுபோய் விடுவேன். வண்டியை அந்தப் பாதையில் ஏற்றாதீர்கள், வாசலிலேயே நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருங்கள்.